மொட்டை மாடியில் நாம் மட்டும் இல்லை: பூச்சி, நோயைச் சமாளிக்க ஒரு முழு வழிகாட்டி

பங்குனி மாதம், காலை எட்டு மணி. பெரம்பூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் செம்பருத்திக் கிளைகளில் மாவுப்பூச்சி பஞ்சு பஞ்சாக அப்பியிருந்தது. கடையில் கேட்டு வாங்கிய மருந்தைக் கலந்து, கைத்தெளிப்பானில் காற்றடித்துக்கொண்டு நின்றேன். கீழ் வீட்டு அக்கா பழைய வெள்ளை வேட்டியை விரித்து ஜவ்வரிசி வடாம் இட்டு முடித்திருந்தார். "தம்பி, அது என்ன மருந்து? பேரப்பிள்ளைக்குப் பொரிச்சுக் கொடுக்கிற வடாம்பா இது" என்றார். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள் முக்கோணம். அதற்கு என்ன அர்த்தம் என்றுகூட அன்று எனக்குத் தெரியாது. தெளிக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் ஆறு வருடம் அதே மாடியில் அறுபது பைகளில் கத்தரி, வெண்டை, மிளகாய், கீரை, பீர்க்கை என்று போட்டுக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். மருந்து இதில் கடைசியில்தான் வரும்.

படி 1: மாடியை ஒரு தாளில் வரையுங்கள்

செடிகளை மட்டும் வரைந்தால் போதாது. தண்ணீர்த் தொட்டி எங்கே, அதன் மூடி சரியாக மூடுகிறதா, துணிக்கொடி எந்தப் பக்கம், வடாம் வற்றல் காயப்போடும் இடம், பக்கத்து வீட்டு ஜன்னல், குழந்தைகள் விளையாடும் மூலை, காக்கைக்குச் சோறு வைக்கும் இடம், எல்லாவற்றையும் குறியுங்கள்.

அப்புறம் மழைநீர் இறங்கும் ஓட்டையைக் குறியுங்கள். தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அதனால் சென்னையில் பெரும்பாலான மாடிக் குழாய்கள் நேராகச் சேகரிப்புக் குழிக்குப் போகின்றன. மாடியில் தெளிப்பானைக் கழுவி ஊற்றினால் அந்தத் தண்ணீர் போய்ச் சேருவது உங்கள் தெருவின் நிலத்தடி நீருக்கு. கோடையில் அதே தண்ணீரைத்தான் போர் போட்டு மேலே இறைக்கிறோம்.

காற்றையும் கவனியுங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து வீசும், காலையில் பெரும்பாலும் திசை வேறு. கொடியில் கிடக்கும் துணி ஆடுகிறது என்றால் அன்று எதையும் தெளிக்க வேண்டாம். அது வேப்பெண்ணெயாக இருந்தாலும் சரி.

கேரளாவின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். கீழே வீடும் கிணறும் வைத்திருந்த மக்கள்தான் அதன் பாதிப்பைச் சுமந்தார்கள். உச்ச நீதிமன்றம் 2011-ல் அந்த மருந்தைத் தடை செய்தது. நம் மாடி சின்னதுதான். ஆனால் நாம் தெளிக்கும் துளி எங்கே போய் விழும் என்ற கேள்வி இங்கேயும் அதேதான்.

படி 2: தினமும் பத்து நிமிடம், வெறும் கையோடு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காலையில் காபி டம்ளரோடு ஏறுங்கள், மருந்தோடு ஏறாதீர்கள். ஒவ்வொரு செடியிலும் மூன்று இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பூச்சிகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும், பூதக்கண்ணாடி தேவையில்லை.

கொழுந்தில் கூட்டமாகப் பச்சை அல்லது கருப்பு நிறத்தில் ஒட்டியிருந்தால் அசுவினி. செடியைத் தட்டியதும் வெள்ளைப் பொடி பறப்பதுபோல் எழுந்தால் வெள்ளை ஈ. மிளகாய் இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். இலையில் மங்கலான புள்ளிகளோடு மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிவப்புச் சிலந்தி. சந்தேகம் வந்தால் இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள், தாளில் விழுந்த புள்ளிகள் நகரும். கத்தரியில் நுனித்தண்டு மட்டும் தலை தொங்கினால் அது தண்ணீர்க் குறை இல்லை, தண்டுத் துளைப்பான்.

அடுத்தது, எனக்கு இன்றும் மனசு வலிக்கும் ஒரு விஷயம். முதல் வருடம் மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவில் கொஞ்சம் பெரிதாக, வெள்ளை மெழுகுச் சடை தொங்க ஒரு பூச்சி இருந்தது. பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்துத் தினமும் தேடித் தேடி நசுக்கினேன். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் குட்டிப்பருவம். மாவுப்பூச்சியைத் தின்றே வளர்கிற பூச்சி. தான் தின்னும் இரையைப் போலவே வேடம் போட்டிருக்கும். பிரித்தறிவது எளிது: குச்சியால் தொடுங்கள். மாவுப்பூச்சி அசையாது, அசைந்தாலும் மெதுவாக. இது விறுவிறுவென்று நடந்து போய்விடும்.

அதேபோல் அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, பழுப்பு நிறமாகி, முதுகில் வட்டமான ஓட்டையோடு இருக்கிறதா பாருங்கள். உள்ளே ஒரு சின்னக் குளவி முட்டையிட்டு, குஞ்சு வளர்ந்து வெளியே பறந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கிளையைத் தொடாதீர்கள். ஒரு வாரத்தில் வேலை முடிந்திருக்கும்.

இந்தக் குளவிகளைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எல்லாவற்றிலும் பரவியது. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் எவ்வளவு மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டு வந்து வளர்த்து வயல்களில் விட்டார்கள். அது மாவுப்பூச்சியைக் கட்டுக்குள் கொண்டு வந்தது. மருந்து அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவிகள்தான்.

படி 3: எவ்வளவு பொறுக்கலாம் என்று முடிவு செய்யுங்கள்

தக்காளி இலையில் வெள்ளைக் கோலம் போட்டதுபோல் கோடுகள் வரும், இலைத் துளைப்பான். அடி இலை நான்கில் இருந்தால் விட்டுவிடுங்கள், காய்ப்பு குறையாது. கறிவேப்பிலையில் காக்கை எச்சம் போலவே ஒரு புழு உட்கார்ந்திருக்கும், அப்புறம் பச்சையாக மாறும். வண்ணத்துப்பூச்சியின் புழு அது. செடி பெரிதாக இருந்தால் புழுக்களை ஒரே கிளைக்கு மாற்றிவிட்டு, அந்தக் கிளையை அவற்றுக்கே கொடுத்துவிடுவேன். செடி சின்னதென்றால் பக்கத்தில் உள்ள எலுமிச்சைக்கு இடம் மாற்றலாம், அதையும் தின்னும்.

பொறுக்கவே கூடாதவையும் உண்டு. வெண்டையில் நரம்புகள் மஞ்சள் வலை போல் தெரிகிற தேமல், மிளகாய் தக்காளியில் வைரஸ் இலைச்சுருள், நாற்று கழுத்தில் அழுகிச் சாய்வது. இவற்றில் ஒரு நாள் தாமதித்தாலும் அடுத்த பைக்குப் போய்விடும்.

படி 4: வருவதற்கு முன்னால்

புதுச்செடி வாங்கி வந்தால் மற்ற செடிகளோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியாக மாடிப்படி ஓரத்தில் வையுங்கள். என் மாடிக்கு வந்த மாவுப்பூச்சியில் பாதி, நர்சரிச் செடியோடு வந்ததுதான்.

பைகளுக்கு நடுவில் கை நுழையும் இடைவெளி விடுங்கள். மண் கலவையில் வெறும் கோகோ பீட் (தேங்காய் நார்த்தூள்) அதிகமானால் ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். மணலும் தொழுவுரமும் கூடுதலாகச் சேருங்கள், பையை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள், அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று மழைக்கு முன்னால் பாருங்கள். தண்ணீரைக் காலையில் வேருக்கு ஊற்றுங்கள். இரவு முழுக்க இலை ஈரமாக இருந்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்.

யூரியாவைக் கையில் எடுத்தால் கரும்பச்சையாகத் தளதளவென்று கொழுந்து வரும், மூன்றாம் நாள் அசுவினியும் வரும். தழைச்சத்து கூடினால் சாறு உறிஞ்சும் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி.

விதைநேர்த்தி, அதாவது விதைப்பதற்கு முன்னால் விதைக்கு மருந்து பூசுவது, சுலபம். கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சணத் தூள் 4 கிராம் என்பது கணக்கு, நம் கையளவு விதைக்கு ஒரு சிட்டிகை போதும். கொஞ்சம் கஞ்சித் தண்ணீரில் விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி விதையுங்கள். நாற்றழுகல் வெகுவாகக் குறையும். தக்காளிக்கு, பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் போல இலைச்சுருளையும் வாடல் நோயையும் தாங்கும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

செண்டுமல்லி வைத்தால் பூச்சியே வராது என்று சொல்வார்கள். அதன் வேர் மண்ணிலுள்ள நூற்புழுவைக் குறைக்கும், உண்மை. ஆனால் சித்திரை வெயிலில் சிவப்புச் சிலந்தி முதலில் ஏறுவதும் செண்டுமல்லியில்தான். வையுங்கள், ஆனால் தினமும் பாருங்கள்.

கீரைக்கு என் ஒரே சிகிச்சை பழைய கொசுவலை. விதைத்த அன்றே குச்சி நட்டு மூடிவிடுங்கள். நான்கு வாரத்தில் அறுக்கப்போகிற கீரையில் எதைத் தெளித்தாலும் அது நேராகத் தட்டுக்குத்தான் வரும்.

படி 5: கை, தண்ணீர், கத்தரிக்கோல்

அசுவினி, சிவப்புச் சிலந்தி இரண்டுக்கும் முதல் மருந்து தண்ணீர். குழாய் முனையை விரலால் அழுத்திப் பீய்ச்சி, இலையின் அடிப்பக்கத்தில் மூன்று நாள் தொடர்ந்து அடியுங்கள். மாவுப்பூச்சிக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர்.

கத்தரியில் வாடிய நுனியை வாட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே வெட்டுங்கள். வெட்டிய துண்டை நகத்தால் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளியும். தண்டுக்குள்ளும் காய்க்குள்ளும் இருப்பதால் மேலே தெளிக்கும் எதுவும் அதைத் தொடாது. கத்தரிக்கு வாரா வாரம் மருந்து அடித்தும் சொத்தை வருவதற்கு இதுதான் காரணம். வெட்டியதை உரக்குழியில் போடாமல், பாலித்தீன் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு அப்புறம் அப்புறப்படுத்துங்கள்.

எறும்பு வரிசை செடியில் ஏறினால் அதையும் நிறுத்த வேண்டும். மாவுப்பூச்சியும் அசுவினியும் சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அவற்றைக் காவல் காத்து, பொறிவண்டை விரட்டும். பையைத் தண்ணீர்த் தட்டில் வைக்கச் சொல்வார்கள், சென்னையில் அது வேண்டாம். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு வளரும், நம் பூச்சித் தொல்லைக்குத் தெருவே காய்ச்சலில் படுக்கக் கூடாது. பையை ஸ்டாண்டில் வைத்திருந்தால் அதன் காலில் வாசலினைத் தடவினால் போதும்.

மழைக்காலத்தில் தரைத் தோட்டத்துக்குப் பெரிய ஆப்பிரிக்க நத்தை வரும். ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலையை வைத்தால் இரவில் கூடும், காலையில் எடுத்து உப்புத் தண்ணீரில் போடலாம். வெறுங்கையால் தொடாதீர்கள், மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கலாம். குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

படி 6: பொறிகள்

வெள்ளை ஈக்கு மஞ்சள், இலைப்பேனுக்கு நீலம். பழைய மஞ்சள் டப்பா மூடியில் விளக்கெண்ணெய் தடவிச் செடியின் தலை உயரத்தில் கட்டினால் பொறி தயார். பூக்களுக்கு ஒட்டிக் கட்டாதீர்கள், தேனீயும் ஒட்டிக்கொள்ளும்.

பாகல், பீர்க்கையில் பிஞ்சு வளைந்து அழுகினால் பழ ஈ. ஆண் ஈயை வாசனையால் இழுக்கும் கியூலூர் வைத்த இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று கட்டுங்கள். மாம்பழம், கொய்யாவுக்கு மெத்தில் யூஜெனால் வைத்த பொறி. கத்தரித் துளைப்பானுக்கும் தனிப் பொறி கிடைக்கிறது. இவை ஆண் பூச்சியை மட்டும் பிடிக்கும், அதனால் பூப்பதற்கு முன்னாலேயே வைத்தால்தான் பலன். விழுந்த அழுகல் காய்களைத் தினமும் பொறுக்குவது பொறிக்குச் சமமான வேலை. பிஞ்சுகளைத் துணிப்பையால் கட்டிவிடலாம்.

படி 7: வேம்பு, உயிர் மருந்துகள்

ஆனி, ஆடியில் சென்னைத் தெருக்களில் வேப்பம்பழம் கொட்டிக் கிடக்கும். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பூஞ்சை பிடித்ததை எறிந்துவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொட்டையை உடைத்து எடுத்த பருப்பு ஒரு லிட்டருக்கு 50 கிராம், இதுதான் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல். கரகரவென்று இடித்து, துணியில் முடிந்து, கொஞ்சம் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வையுங்கள். காலையில் முடிச்சைப் பிழியப் பிழிய முதலில் பால்போல் வரும். வெளிறும் வரை பிழிந்து, வடிகட்டி, ஒரு லிட்டராக்கி, சின்னத் துண்டு காதி சோப்பைக் கரையுங்கள். அன்றே தெளித்துவிட வேண்டும்.

எண்ணெயாக இருந்தால் லிட்டருக்கு 5 மில்லியில் தொடங்குங்கள். முதலில் எண்ணெயையும் சோப்புக் கரைசலையும் குழைத்து, அப்புறம் தண்ணீர் சேர்த்தால்தான் கலக்கும். துணி துவைக்கும் தூள் வேண்டாம், இலை கருகும். எதையும் முதலில் இரண்டு இலையில் அடித்து ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

நேரம் மாலைதான். வேம்பின் சத்து வெயிலில் சிதைந்துவிடும், பெரும்பாலான தேனீயும் அதற்குள் திரும்பியிருக்கும். ஆனால் பீர்க்கையும் சுரையும் சாயங்காலம்தான் பூக்கும், அந்தப் பூக்களின் மேல் படாமல் அடியுங்கள். அடித்த உடனே பூச்சி செத்து விழாது. தின்பதை நிறுத்தும், தோல் உரிக்க முடியாமல் போகும். ஒரு வாரம் பொறுத்து மறுபடி.

உயிர் மருந்து என்பது பூச்சியையோ நோயையோ அடக்கும் நல்ல பூஞ்சணமும் பாக்டீரியாவும். வெள்ளை ஈ, மாவுப்பூச்சிக்கு லெகானிசிலியம், புழுக்களுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், வேரழுகலுக்கு டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ். இவை உயிருள்ளவை. காலாவதித் தேதி பாருங்கள், வெயிலில் வைக்காதீர்கள், பூஞ்சணக்கொல்லியோடு கலக்காதீர்கள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். புகையிலைக் கரைசலை இயற்கை மருந்து என்று பலரும் பரிந்துரைக்கிறார்கள். நிக்கோடின் கொடிய விஷம், தோல் வழியாகவே உடம்பில் ஏறும். பொறிவண்டையும் கொல்லும். புகையிலைத் தேமல் வைரஸைத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் கொண்டு வந்துவிடவும் கூடும். வீட்டில் காய்ச்சியது என்பதால் மட்டும் எதுவும் பாதுகாப்பாகிவிடாது.

படி 8: நோய்கள்

வைரஸுக்கு மருந்து இல்லை. செடியைப் பிடுங்கி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிடுங்குவதற்கு முன்னால் அதிலிருக்கும் வெள்ளை ஈயைச் சோப்புத் தண்ணீர் அடித்து அடக்குங்கள், இல்லாவிட்டால் அவை பக்கத்துச் செடிக்குப் பறந்துவிடும். காய்த்துக்கொண்டிருக்கும் வெண்டையைப் பிடுங்கக் கை வராது, தெரியும். ஆனால் அது ஒன்றை விட்டால் எட்டும் போகும்.

மார்கழி, தையில் பனியோடு பூசணி, பாகல் இலைகளில் விபூதி தூவியதுபோல் சாம்பல் நோய் வரும். அடி இலைகளைக் கிள்ளுங்கள், ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து காலை வெயிலில் தெளியுங்கள். ஆரம்பத்திலேயே செய்தால் நிற்கும்.

வீட்டுத் தென்னையின் கீழ் மட்டைகள் கருப்பாகி, கீழே நிற்கும் காரில் பிசுபிசுப்பு ஒட்டுகிறதா? அது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, 2016-ல் பொள்ளாச்சியில் முதலில் பதிவானது. மரத்துக்குப் பூச்சிக்கொல்லி வேண்டாம். என்கார்சியா என்ற குளவி அதை இயற்கையாகவே அடக்குகிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த தண்ணீரைத் தெளித்தால் கரும்பூஞ்சணம் காய்ந்து உதிரும்.

படி 9: ரசாயனம் தவிர வேறு வழி இல்லை என்றால்

மாடித்தோட்டத்துக்கு இந்தப் படி தேவைப்படவே கூடாது என்பது என் கருத்து. பொன்னேரி, செங்குன்றம், செங்கல்பட்டுப் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மருந்து டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறம் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. சிவப்பும் மஞ்சளும் வேண்டாம். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைக் காய்கறிக்குப் பயன்படுத்தவே அனுமதி இல்லை. தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தருவதை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். டப்பாவோடு வரும் சீட்டில் உங்கள் பயிர் பெயரும், தெளித்தபின் அறுவடைக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். சிவப்புச் சிலந்திக்குச் சாதாரணப் பூச்சிக்கொல்லி அடித்தால் அதைத் தின்னும் நல்ல சிலந்திகள் செத்து, கெட்டது இரட்டிப்பாகும்.

தெளிப்பவர் கூலிக்கு வந்தவர் என்றால் அவர் உடம்புக்கு நீங்கள்தான் பொறுப்பு. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை, குளிக்கத் தண்ணீரும் சோப்பும் உங்கள் செலவு. முகத்தில் துண்டு கட்டுவது பாதுகாப்பு இல்லை. மறுநாள் காய் பறிக்க வரும் பெண்களிடம் எதை, எப்போது அடித்தோம் என்று சொல்லி, சீட்டில் சொன்ன நாள் முடியும் வரை இறக்காதீர்கள். ஏரி, கால்வாய் ஓரத்தில் அகலமாக இடம் விட்டுத் தெளியுங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் தண்ணீரைத்தான் சென்னை குடிக்கிறது.

காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்கே அடித்து, டப்பாவை ஓட்டை போட்டு, அபாயக் குப்பை என்று தனியாகக் கொடுங்கள். மிச்ச மருந்தை வீட்டில் வைக்காதீர்கள், வைத்தே தீர வேண்டும் என்றால் பூட்டி வையுங்கள். யாருக்காவது வயிற்றில் போய்விட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், டப்பாவையும் சீட்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சந்தேகம் இருந்தால் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். காட்டுப்பாக்கத்திலும் திரூரிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. பாதித்த இலையைப் பாலித்தீன் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

படி 10: சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

மாடிக் கதவின் உள்பக்கம் ஒரு சின்னக் கரும்பலகை மாட்டியிருக்கிறேன். "இன்று மாலை 6 மணி, வேப்பங்கொட்டைக் கரைசல், கத்தரி வரிசை மட்டும்" என்று காலையிலேயே எழுதிவிடுவேன். துணியை எடுப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள், தொட்டி மூடியை நான் சரிபார்ப்பேன். இந்தப் பங்குனியில் அக்கா அதே பலகையில் எனக்குக் கீழே எழுதி வைத்திருந்தார்: "புதன், வியாழன் வடாம். வெள்ளிக்கிழமை அடிச்சுக்கோ தம்பி." வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரஷ்ஷோடு ஏறியபோது செம்பருத்தியில் வெள்ளைச் சடையோடு நான்கு பொறிவண்டுக் குட்டிகள் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தன. அந்த வாரமும் எதுவும் தெளிக்கவில்லை.